தன்னை எழுதிக் கொடுத்தல்

பதினேழு வயதிலே ஒருவர் அளிக்கும் வாக்குறுதி, பின்னர் அவர் ஆகப்போகும் மனிதரை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம் என்னும் வினா, ஒழுக்கவியலில் எளிதாக விடைகாண முடியாத வினாக்களுள் ஒன்றாகும். கடன், திருமணம், சொத்துக் கைமாற்றம் முதலியவற்றைப் பொறுத்தவரை பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் இவ்வயதினரின் கையொப்பத்தைத் தயக்கத்துடனேயே நோக்குகின்றன. ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத் தொடக்கத்திலே, பாடசாலையின் இறுதி வகுப்பிற் பயிலும் மாணவர் பல்லாயிரவர் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிடுகின்றனர். தாம் தெரிந்துகொண்ட ஒரேயொரு பல்கலைக்கழகம் தம்மை ஏற்குமாயின், ஏனைய இடங்களுக்கு அனுப்பிய விண்ணப்பங்களை மீளப்பெற்று அங்கேயே சேர்வோம் என்பது அதன் சாரம். மாணவரின் கையொப்பம் மட்டும் போதாது. பெற்றோரும் பாடசாலை ஆலோசகரும் உடன் கையொப்பமிடல் வேண்டும். 'ஏர்லி டிசிஷன்' என வழங்கும் இதனை முந்திய தீர்மானம் எனத் தமிழிற் குறிக்கலாம்.

டிசம்பர் மாத நடுப்பகுதியிலே முடிவு வரும். ஏற்பு, மறுப்பு, ஒத்திவைப்பு என அது மூவகைப்படும். ஒத்திவைக்கப்பட்டவர், ஜனவரித் தொடக்கத்தில் விண்ணப்பிக்கும் பெருந்தொகையினரோடு மீண்டும் கலக்கப்பட்டு மார்ச் மாத இறுதிவரை காத்திருப்பார். பிரௌண், கொலம்பியா, கோர்ணெல், டாட்மத், பென்சில்வேனியா ஆகிய பல்கலைக்கழகங்கள் கட்டுப்படுத்தும் முறையைக் கைக்கொள்கின்றன. ஹாவார்ட், யேல், பிரின்ஸ்ரன், ஸ்ரான்ஃபோர்ட் ஆகியவை சேர்ந்தேயாகவேண்டும் என்று கேட்பதில்லை. எனினும் முந்தி விண்ணப்பிப்பவர் வேறு தனியார் பல்கலைக்கழகங்களுக்கு அவ்வாறு முந்தி விண்ணப்பிக்கலாகாது என்னும் நிபந்தனையை, சில விலக்குகளுடன், விதிக்கின்றன. முன்னையது திருமணம் எனில் பின்னையது நிச்சயதார்த்தம் எனலாம்.

ஈழத்து வாசகருக்கு இவ்வேற்பாடு விசித்திரமாகத் தோன்றக்கூடும். உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் கொண்டு தெரிவு நிகழும் நாட்டிலே, மாணவன் தன்னைப் பற்றி ஒரு வரிதானும் எழுதவேண்டியதில்லை. அவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. புள்ளி எவ்வளவு, மாவட்டம் எது என்றே கேட்கின்றனர். இதன் கொடுமைகளைப் பற்றி இத்தகைய மலர்களிற் போதிய அளவு எழுதப்பட்டுள்ளது. ஆனால், 'நீ யார்?' என்று கேட்கும் முறைக்கும் தனக்கேயுரிய கொடுமை ஒன்று உண்டு. அக்கொடுமை எல்லா மாணவரையும் ஒரே வகையிலே தாக்குவதில்லை. எழுத்தைத் தன் தொழிலாக அல்லது தவமாகக் கொள்ள விழையும் இளைஞரையே அது ஆழமாகத் தாக்குகின்றது.

முந்தி விண்ணப்பிப்பதற்கான தூண்டுதல் வெளிப்படையானது. 2024 இல் சேரவிருந்த வகுப்புக்கெனப் பிரௌண் பல்கலைக்கழகம் முந்திய தீர்மானத்தின்கீழ் விண்ணப்பித்தோரில் நூற்றுக்கு 14 பேரளவினரை ஏற்றது. எல்லா விண்ணப்பங்களையும் ஒருங்கே நோக்கின் ஏற்கப்பட்டோர் நூற்றுக்கு 5 பேரளவினரே. முந்தி விண்ணப்பிப்போரிடையே விளையாட்டுக்கெனத் தெரிவுசெய்யப்பட்டவர்களும் பழைய மாணவரின் பிள்ளைகளும் மிகுதியாக இருப்பதால் இவ்விரு எண்களையும் அப்படியே ஒப்பிடுவது பிழையாகும். எனினும் கிறிஸ்ரோபர் ஏவரி, அன்ட்ரூ ஃபெயர்பாங்ஸ், றிச்சேட் செக்ஹவுசர் ஆகியோர் 2003 இல் வெளியிட்ட ஆய்வுநூல், தகைமைகள் ஒத்திருக்கும்போதும் முந்துபவருக்கு அனுகூலம் உண்டு எனவும், அது எஸ்.ஏ.ரி. பரீட்சையில் ஏறக்குறைய 100 புள்ளிகளை மேலதிகமாகப் பெற்றதற்கு ஒப்பாகும் எனவும் எடுத்துக்காட்டியது. ஆகவே, 'எங்கு படிக்க விரும்புகிறேன்?' என்னும் வினா 'எங்கு முந்தினால் இலாபம்?' என்னும் வினாவாக உருமாறுவதில் வியப்பில்லை. விருப்பத்தை வெளியிடுதல் ஒரு காய்நகர்த்தலாகிவிடுகின்றது.

இனி, எழுத விழையும் மாணவியின் நிலையை எடுத்துக்கொள்வோம். கணிதத்தில் வல்ல மாணவன் விண்ணப்பத்தோடு அனுப்பும் சான்று, அவன் தீர்த்த கணக்கு. அது அவனுடைய அகவாழ்வை விற்பதில்லை. பதினேழு வயதிலே தீர்த்தாலும் எழுபது வயதிலே தீர்த்தாலும் அதன் விடை ஒன்றே. எழுதுபவளின் சான்றோ எழுத்து. எழுத்தின் மூலப்பொருள் அவளுடைய வாழ்வு. அவ்வாழ்வு இன்னும் கனியாதது. பல நூறு கல்லூரிகள் பொதுவாக ஏற்கும் விண்ணப்பப் படிவம் 250 முதல் 650 சொற்களுக்குள் அமையும் ஒரு தன்வரலாற்றுக் கட்டுரையைக் கோருகின்றது. இதற்கு மேலாகத் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் சிறு கட்டுரைகள் சிலவற்றைக் கேட்கின்றன. அவற்றுள் 'எமது பல்கலைக்கழகத்தை ஏன் நாடுகின்றீர்?' என்பது பெரும்பாலும் இடம்பெறும். கைப்பிடிக்க உறுதியளித்துக் கையொப்பமும் இட்டவளிடம் காதற்கடிதமும் கேட்கப்படுவது சற்று மிகையே.

அத்தன்வரலாற்றுக் கட்டுரைக்கு எவரும் இலக்கணம் வகுத்திலர்; ஆயினும் எல்லா மாணவரும் அதன் இலக்கணத்தை அறிவர். ஒரு துன்பம் அல்லது தடை. அதன் நடுவே ஒரு கணம். அக்கணத்திலிருந்து ஒரு வளர்ச்சி. இறுதியில் எதிர்காலத்தை நோக்கித் திறக்கும் ஒரு சாளரம். பாட்டனாரின் மரணம், பிறர் வீடுகளைத் துப்புரவு செய்யும் தாயின் கைகள், புதிய நாட்டிலே பெற்றோருக்கு மொழிபெயர்த்த பிள்ளைப்பருவம் என விடயங்கள் வேறுபடலாம், வடிவம் வேறுபடுவதில்லை. இங்கு பொய்யுரைப்போர் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. நிகழாத துயரத்தை நிகழ்ந்ததாக எழுதுவது பிழை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கூலிக்கு எழுதுவிக்கும் செல்வந்தர் வழக்கமும், 2022 இன் பின்னர் கணினியிடம் எழுதுவிக்கும் வழக்கமும் அவ்வகையினவே. சிந்தனைக்குரியது மெய்யுரைப்பவளின் பிரச்சினை.

அவள் எழுதுவன யாவும் உண்மை. தாய் நோயுற்றது உண்மை. இரவிலே தான் விழித்திருந்ததும் உண்மை. ஆனால் அவ்வுண்மைகளுக்கு ஒரு முடிவு தேவைப்படுகின்றது. தாயின் நோய் தனக்கு எதைக் கற்பித்தது என்று சொல்லவேண்டும். அதுவும் நவம்பர் முதலாந் திகதிக்குள்ளே. நோய் இன்னும் முடியவில்லை. அது எதையும் கற்பித்ததாகவும் தெரியவில்லை. ஒருவேளை அது கற்பித்தது, வாசிப்பவர் விரும்பத்தகாத ஒன்றாகவும் இருக்கலாம்: வெறுப்பு, சலிப்பு, வீட்டைவிட்டு ஓடவேண்டும் என்னும் ஆசை. அவற்றை அவள் எழுதுவாளா? எழுத்தாளர் என்னும் பெயருக்கு அவளைத் தகுதியாக்குவன இவையே. ஆயின் இவற்றை எழுதினால் தெரிவுக்குழு முகஞ்சுளிக்கும் என அவள் கணிக்கின்றாள். கணித்து, கற்காத பாடத்தைக் கற்றதாக எழுதுகின்றாள். சொற்கள் ஒவ்வொன்றும் மெய். கட்டுரை மட்டும் பொய்.

பிரெஞ்சு மெய்யியலாளர் சார்த்தர் 1943 இல் வெளியிட்ட தமது பெருநூலிலே, உணவகப் பரிசாரகன் ஒருவனைக் காட்டுகின்றார். அவனுடைய அசைவுகள் அளவுக்கு மீறித் துல்லியமானவை. அவன் பரிசாரகனாக இருப்பதாக நடிக்கின்றான். தன்னைத் தானே ஏமாற்றும் இந்நிலையை விளக்க அவர் அவ்வுதாரணத்தைக் கையாண்டார். விண்ணப்பக் கட்டுரையை எழுதும் இளம் படைப்பாளியும் படைப்பாளியாக இருப்பதாக நடிக்கின்றாள். வேறுபாடு யாதெனில், பரிசாரகனின் நடிப்புக்குப் பின்னாலே அவன் மாலையிற் களைந்துவிட்டுச் செல்லக்கூடிய உடை உண்டு. அவள் நடிப்பதற்குப் பயன்படுத்துவதோ, பின்னொரு காலத்திலே மெய்யாக எழுதவேண்டிய அதே வாழ்வு. ஒருமுறை வளர்ச்சிக் கதையாக வார்க்கப்பட்ட நினைவு, அவ்வார்ப்பிலேயே இறுகிவிடக்கூடும். பதினேழு வயதிலே தாயின் நோயை 650 சொற்களில் 'முடித்து'விட்டவள், முப்பது வயதில் அதனை எழுத முனையும்போது, தன் நினைவுக்கும் தனக்கும் இடையிலே அப்பழைய கட்டுரை குறுக்கே நிற்பதைக் காண்பாள்.

இது மட்டுமன்று. கட்டுரையிலே வரும் தாய் இதற்கு இசைந்தாளா? அவளுடைய நோய், அவளுடைய வறுமை, அவளுடைய பிழையான ஆங்கிலம் என்பன அவளுக்குரியவை. அவற்றை முன்பின் அறியாத ஒரு குழுவினர் சில நிமிடங்களில் வாசித்து, ஏற்பு அல்லது மறுப்பு என்று குறியிடுவர். மனிதரை ஒருபோதும் வெறும் சாதனமாக மட்டும் கொள்ளற்க என்பது கான்ற் வகுத்த விதி. நாவலாசிரியர் பலர் தம் பெற்றோரை எழுதியுள்ளனர். அது சாதனமாக்கல் ஆகாதா எனக் கேட்கலாம். ஆகலாம். ஆயினும் நாவலில் அப்பெற்றோர் தம் முழு உருவத்தோடு, மகனோடு முரண்படும் உரிமையோடு, வாழ இடமுண்டு. விண்ணப்பக் கட்டுரையிலே அவர்கள் மகளின் குணநலத்துக்குச் சான்றுரைக்க அழைக்கப்பட்ட சாட்சிகள் மட்டுமே.

'குணநலம்' என்னும் இச்சொல்லின் வரலாறு இங்கு மனங்கொள்ளத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஹாவார்ட், யேல், பிரின்ஸ்ரன் ஆகியவற்றுக்கான அநுமதி பெரிதும் நுழைவுப் பரீட்சைகளிலேயே தங்கியிருந்தது. பரீட்சையிலே திறமை காட்டிய யூதக் குடியேறிகளின் பிள்ளைகள் பெருகினர். 1922 இல் ஹாவார்டின் தலைவராயிருந்த லோவெல், யூத மாணவர் தொகைக்கு வரையறை விதிக்க முயன்றார். வெளிப்படையான வரையறை எதிர்ப்புக்குள்ளாயிற்று. அதன் பின்னரே, குறிப்பாக 1926 ஐ ஒட்டி, பரீட்சைப் புள்ளியோடு 'குணநலமும்' நோக்கப்படல் வேண்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றது. புகைப்படம், குடும்பப் பின்னணி பற்றிய வினாக்கள், பரிந்துரைக் கடிதம் ஆகியன விண்ணப்பத்தின் உறுப்புகளாயின. ஜெரோம் கரபெல் 2005 இல் வெளியிட்ட விரிவான நூல் இவ்வரலாற்றை ஆவணங்களோடு நிறுவியது. 'நீ யார்?' என்னும் வினா, அன்புடன் அறிய விரும்பியோரால் அன்று, கதவடைக்க விரும்பியோராலேயே முதலிற் கேட்கப்பட்டது.

அதே வினா பிற்காலத்திலே கதவைத் திறக்கவும் பயன்பட்டது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆய்வுகூடமற்ற பாடசாலையிலே படித்த பிள்ளையின் புள்ளிக்குப் பின்னாலுள்ள உழைப்பைப் புள்ளி சொல்வதில்லை; சொற்களே சொல்லும். 2023 ஜூன் 29 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், அநுமதியில் இனத்தை ஒரு காரணியாகக் கொள்வதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. ஆயினும் இனம் தன் வாழ்வை எவ்வாறு பாதித்தது என ஒரு மாணவர் கூறுவதைப் பல்கலைக்கழகம் கருத்திற்கொள்வதற்குத் தடையில்லை எனப் பிரதம நீதியரசர் றொபேட்ஸ் எழுதினார். கட்டுரையைக் கருவியாக்கிப் பழைய முறையை மீளக் கொண்டுவரலாகாது என எச்சரிக்கவும் செய்தார். இதன் விளைவு யாதெனில், முன்னர் ஒரு கட்டத்திலே குறியிட்டாற் போதுமாயிருந்த செய்தியை, இன்று கறுப்பின மாணவன் கதையாக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது. பாரம் எழுத்தின்மீது ஏற்றப்பட்டுள்ளது.

இப்பாரத்தை லாங்ஸ்ரன் ஹியூஸ் முன்னரே அறிந்திருந்தார். ஆறுகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கவிதை 1921 ஜூன் மாதத்திலே 'த கிறைசிஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது. அதே ஆண்டு இலையுதிர்காலத்திலே அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். தந்தை விரும்பியது பொறியியல். மகன் நாடியது ஹாலெம் நகர்ப்பகுதி. ஓராண்டிலேயே பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார். 1951 இல் நூலாக வந்த தொகுதியிலே 'தீம் ஃபோர் இங்கிலிஷ் பி' என்னும் கவிதை உண்டு. ஆங்கில விரிவுரையாளர், உள்ளத்திலிருந்து வரும் ஒரு பக்கம் எழுதுமாறு பணிக்கின்றார். வகுப்பின் ஒரேயொரு கறுப்பின மாணவன் அப்பக்கத்தை எழுதுகின்றான். அவன் தன் துயரத்தை வரிசைப்படுத்தவில்லை. தனக்குப் பிடித்தவற்றைச் சொல்கின்றான்; பின்னர் வாசிப்பவரை நோக்கித் திரும்பி, இப்பக்கத்திலே நீரும் இருக்கிறீர் என உணர்த்துகின்றான். விரிவுரையாளருக்கு முகம் உண்டு. ஆதலின் அவரை நோக்கித் திரும்ப முடிந்தது. விண்ணப்பத்தை வாசிப்போருக்கு முகம் இல்லை.

இவ்விடத்திலே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். எழுத்தாளர் புரவலரை நாடியமை புதிதா? சங்கப் புலவர் மன்னரிடம் தம் வறுமையைச் சொல்லிப் பரிசில் பெறவில்லையா? பெற்றனர். பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய புறநானூற்று 159 ஆம் பாட்டிலே, கோலூன்றி நடக்கும் முதிய தாயும், பசியால் வாடிய மனைவியும், அவளுடைய வாடிய மார்பைப் பிசைந்துண்ணும் குழந்தைகளும் வருகின்றனர். தற்காலத் தெரிவுக்குழு ஒன்று அதனை வாசித்திருந்தால் உயர்ந்த குறியே இட்டிருக்கும். ஆகவே, துன்பத்தைச் சொல்லி உதவி கேட்பதே இழிவு என்பது சரியன்று. வறியவர் வாயை அடைக்கும் நாகரிகம் அது.

ஆனால் அதே பாட்டிலே அப்புலவர் ஒரு நிபந்தனையும் விதிக்கின்றார். முகங்கோணித் தருவதாயின் யானையும் வேண்டாம். மகிழ்ந்து தருவதாயின் குன்றிமணியளவும் போதும் என்பது அதன் கருத்து. இன்னொரு வேளையிலே, அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்ற அவருக்கு மன்னன் நேரிலே காணாது பொருள் கொடுத்தனுப்பினான். 208 ஆம் பாட்டு அப்பொருளை மறுத்துப் பாடியது. தம்மைக் காணாமல், தம் புலமையை அளவிடாமல் தந்த பொருளை வாங்கிச்செல்லத் தாம் ஒரு வியாபாரி அல்லர் என்று, வீட்டிலே பசி காத்திருக்க, அவர் சொன்னார். இங்கே தெளிவாவது ஒன்று. கேட்பவனின் மானம், அவன் கேட்பதிலோ கேளாமையிலோ தங்கியதன்று. மறுக்கும் உரிமை அவனிடம் எஞ்சியிருப்பதிலேயே தங்கியது. எழுதுபவளின் விண்ணப்பமும் அதனைப் பின்தொடரும் வாக்குறுதியும் இப்புள்ளியிலேயே சந்திக்கின்றன. முந்திய தீர்மானத்தின் உடன்படிக்கை முதலிலே பறிப்பது அவ்வுரிமையைத்தான். யானை வருமா குன்றிமணி வருமா என்று தெரியுமுன்னரே, எது வந்தாலும் ஏற்பேன் எனப் புலவர் எழுதிக் கொடுத்துவிடுகின்றார். தமிழிலே 'எழுதிக் கொடுத்தல்' என்பதற்குக் காணியைப் பிறர் பெயருக்கு உறுதிமுடித்தல் என்றும் பொருள் உண்டு.

இங்கு குன்றிமணி என்பது வெறும் உவமையன்று. இத்தகைய பல்கலைக்கழகங்களிலே ஓராண்டுப் படிப்புக்கும் தங்குமிடத்துக்குமான மொத்தச் செலவு 2024 அளவிலே 80,000 டொலரைக் கடந்துவிட்டது. நிதியுதவி உண்டு, சில இடங்களில் அது மிகத் தாராளமானது. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தரும் உதவியை இன்னொன்று தருவதோடு ஒப்பிடும் வாய்ப்பு, முந்தித் தீர்மானித்தவருக்கு இல்லை. செலவை முன்கூட்டி மதிப்பிடும் கணிப்பான்களைக் கல்லூரிகள் வெளியிடவேண்டும் என்னும் சட்டம் 2011 முதல் நடைமுறையில் உள்ளது. மாதச் சம்பளம் பெறும் குடும்பத்துக்கு அவை ஓரளவு பயன்படும். சிறு கடை நடத்துபவருக்கும், பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளைக்கும் அக்கணிப்பு நம்பத்தக்கதன்று. உதவி போதாவிடின் வாக்குறுதியிலிருந்து விலகலாம் என்று விதியிலேயே கூறப்பட்டுள்ளது என்பது உண்மைதான். அவ்வாசகத்தை நம்பித் துணிபவர், அதனை விளக்கிச்சொல்ல ஆலோசகர் உள்ள பாடசாலையிலே படிப்பவர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓர் ஆலோசகர் என்னும் பாடசாலைகளிலே, அது கண்ணுக்குத் தெரியாத சிறு எழுத்து.

கான்ற் 1785 இல் எடுத்துக்காட்டிய பொய் வாக்குறுதி, திருப்பிச் செலுத்த இயலாது என அறிந்துகொண்டே கடன் கேட்பவனுடையது. முந்திய தீர்மானத்தில் நிகழ்வது அதன் தலைகீழ். இங்கு வாக்களிப்பவள் நேர்மையானவள். தான் எதற்கு வாக்களிக்கின்றாள் என்பதே அவளுக்குத் தெரியாது. வாக்கைப் பெறுபவருக்கோ எல்லாம் தெரியும். இவ்வுடன்படிக்கையை நடைமுறையிற் காப்பது நீதிமன்றமன்று, நன்மதிப்பே. மாணவி பின்வாங்கினால், அவளுடைய பாடசாலையிலிருந்து அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும் பிள்ளைகள்மீது ஐயம் விழும் என்னும் அச்சம் ஆலோசகரைப் பிடித்திருக்கின்றது. ஆகவே இது முற்றிலும் ஒழுக்கத்தின் வலிமையால் நிற்கும் ஓர் உடன்படிக்கை. ஒழுக்கமோ ஒரு பக்கத்திலே மட்டும் கேட்கப்படுகின்றது.

பல்கலைக்கழகம் பெறும் நன்மையை ஜேம்ஸ் ஃபலோஸ் 2001 இல் 'அற்லாண்டிக்' சஞ்சிகையில் எழுதிய நீண்ட கட்டுரை விளக்கியது. முந்தி ஏற்கப்படுபவர் ஏறக்குறைய அனைவரும் சேர்வர். ஆதலால் இடங்களை நிரப்பக் குறைந்த தொகையினரை ஏற்றாற் போதும்; ஏற்போர் விகிதம் குறையும்; விகிதம் குறையக் குறையத் தரவரிசையிலே மதிப்பு உயரும். பதினேழு வயதுப் பெண் தன் எதிர்காலத்தைப் பிணையாக வைக்க, அதற்கான வட்டி நிறுவனத்தின் புகழிலே சேர்கின்றது. நிறுவனங்கள் இதனை அறியாதவை அல்ல. யேலும் ஸ்ரான்ஃபோர்டும் 2002 இல் கட்டுப்படுத்தும் முறையைக் கைவிட முடிவுசெய்தன. 2006 இல் ஹாவார்ட், இடைக்காலத் தலைவர் டெரெக் பொக்கின் காலத்திலே, முந்திய விண்ணப்பத்தை அறவே நீக்குவதாக அறிவித்தது. வசதி படைத்தோருக்கே அது மேலும் வசதி செய்கின்றது என்பது அதன் நியாயம். பிரின்ஸ்ரனும் வேர்ஜினியாவும் பின்தொடர்ந்தன. ஏனையவை வேடிக்கை பார்த்தன. 2011 இல் ஹாவார்டும் பிரின்ஸ்ரனும் மீண்டும் பழைய வழிக்குத் திரும்பின. தனியொரு நிறுவனம் நல்லதைச் செய்தால் நல்ல மாணவரைப் போட்டியாளரிடம் இழக்கும் என்னும் அச்சமே மேலோங்கிற்று. அறம் தனியாட்களுக்கு விதிக்கப்படுவதும், நிறுவனங்கள் சந்தையின் பெயரால் விலக்குப் பெறுவதும் இவ்விடயத்துக்கு மட்டும் உரியதன்று.

முந்தித் தீர்மானிப்பதே தீது என்று இதனாற் கொள்ளவேண்டியதில்லை. ஓர் இடத்தை அறிந்து, அங்குள்ள ஆசிரியரின் நூல்களைப் படித்து, அங்கேதான் எழுதப் பழகவேண்டும் எனத் தெளிந்த இளைஞர் உண்டு. ரொனி மொறிசன் 1989 முதல் 2006 வரை பிரின்ஸ்ரனிற் கற்பித்தார். அவருடைய வகுப்பிலே அமர ஏங்கிய மாணவன் வேறு எட்டு இடங்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பதிலே என்ன பொருள்? எல்லாக் கதவுகளையும் திறந்தே வைத்திருப்பவர் எந்த அறையிலும் வாழ்வதில்லை. வறிய மாணவருக்கென இயங்கும் 'குவெஸ்ற்பிறிட்ஜ்' என்னும் அமைப்பின் பொருத்தமுறையும் பெரும்பாலும் கட்டுப்படுத்துவதே. ஆனால் அங்கு பொருந்தியவருக்கு நான்காண்டுக்கும் முழுச் செலவும் கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். தெரிந்து அளிக்கும் வாக்கு மனிதரைச் சிறுமைப்படுத்துவதில்லை.

மறுக்கப்பட்டவரைப் பற்றி ஆறுதல் கூறுவோர் வழக்கமாக ஜோன் டிடியனை எடுத்துக்காட்டுவர். பிற்காலத்திலே அமெரிக்கக் கட்டுரை இலக்கியத்தின் முதல்வரிசையில் வைக்கப்பட்ட அவர், 1952 இல், பதினேழு வயதிலே, ஸ்ரான்ஃபோர்டினால் மறுக்கப்பட்டார். 1968 இல் அதனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். செய்தியைக் கேட்ட தந்தை தோளைக் குலுக்கிவிட்டுக் குடிக்க ஏதும் வேண்டுமா என்று கேட்டதை அதிலே நன்றியோடு நினைவுகூர்கின்றார். பிள்ளையின் தோல்வி பெற்றோரின் தோல்வியாகாத ஒரு வீடு அது. டிடியனின் உதாரணத்தை 'தோல்வியே நல்லது' என்னும் பாடமாக்குவது மலிவான வழி. அவர் டிடியன் ஆனதாலேயே அம்மறுப்பு நமக்குத் தெரியவந்தது. ஆகாதோரின் கடிதங்களை எவரும் அச்சிடுவதில்லை. மேலும், மறுக்கப்பட்டவருக்கு அருகிலே பேர்க்கிலி இருந்தது. கலிஃபோர்னியாவின் பிள்ளைகளிடம் அக்காலத்திலே கல்விக்கட்டணம் அறவிடாத பொதுப் பல்கலைக்கழகம் அது. அங்கு பயின்று 1956 இல் அவர் பட்டம் பெற்றார். நல்ல பொதுப் பல்கலைக்கழகம் மலிவாகக் கிடைக்கும் நாட்டிலே மறுப்பு ஓர் அநுபவம். கிடைக்காத நாட்டிலே அது ஒரு தீர்ப்பு. டிடியனிடம் கவனிக்கவேண்டியது வேறொன்று. மறுப்புக்கும் கட்டுரைக்கும் இடையே பதினாறு ஆண்டுகள் கழிந்தன. அக்கட்டுரையை எழுதுமாறு எந்தத் தெரிவுக்குழுவும் அவரிடம் கேட்கவில்லை.

அப்படியாயின் எழுத விழையும் மாணவி நவம்பர் மாதத்திலே என்ன செய்வாள்? படிவத்தைக் கிழித்தெறிந்துவிட்டு மானத்தோடு வீட்டிலே இரு என்று அவளுக்குச் சொல்லும் உரிமை, இலவசக் கல்வியின் நிழலிலே அமர்ந்திருப்போருக்கு இல்லை. அவள் எழுதத்தான் வேண்டும். ஆயினும் எழுதுவதற்குள்ளேயும் தெரிவு உண்டு. தாயின் நோயை விட்டுவிட்டு, தான் நாள்தோறும் ஏறும் பேருந்தின் சாரதியைப் பற்றி எழுதலாம். நூலகத்திலே தவறான அடுக்கில் வைக்கப்பட்டிருந்த ஒரு நூலைப் பற்றி எழுதலாம். பெரிய துயரத்தைத் தனக்கென வைத்துக்கொண்டு சிறிய உண்மையைக் கொடுப்பது பொய்யாகாது. அதனால் வாய்ப்புக் குறையலாம். தாயையே எழுதுவதென முடிவுசெய்தால், அனுப்புவதற்கு முன்னர் அதனைத் தாய்க்கு வாசித்துக்காட்ட முடியுமா என்னும் வினா எஞ்சுகின்றது. ஆங்கிலம் தெரியாத தாயாயின் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். அம்மொழிபெயர்ப்பிலே, தெரிவுக்குழுவுக்கென வைத்த கடைசிப் பந்தி அநேகமாக உதிர்ந்துவிடும்.

பெருஞ்சித்திரனார் குமணனிடம் பெற்ற பரிசிலோடு வீடு திரும்பினார். 163 ஆம் பாட்டு அவர் தம் மனைவியை நோக்கிக் கூறுவது. எவருடைய பசியை அரசவையிலே சொல்லிப் பெற்றாரோ, அவளிடமே அப்பொருளை ஒப்படைத்து, இன்னார் என்று பாராமலும் தம்மைக் கேளாமலும் எல்லோருக்கும் கொடு என்கின்றார். பொஸ்ரனுக்கோ நியூ ஹேவனுக்கோ புறப்பட்டுச் செல்லும் மாணவியின் தாயிடம் அவ்வாறு ஒப்படைக்கப்படுவது எது என்பதை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை.